முன் கதவில் கட்டிய நூல்

நெவெனா விமானத்தின் முன் கதவடியில் மண்டியிட்டிருந்தாள். முழங்காலுக்குக் கீழே பழைய இருக்கையிலிருந்து பிய்த்த பஞ்சு. ஒரு கையில் டார்ச், மறு கையில் பல் டாக்டர்கள் வைத்திருக்கிற மாதிரி காம்பு வைத்த சின்னக் கண்ணாடி. கதவை ஒட்டித் தரையில் பதித்திருக்கும் இரண்டு இரும்புக் கொக்கிகளில் எங்கேயாவது மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடியைச் சாய்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு கொக்கியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அழுக்குதான். துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இந்த ரக விமானம் ஒன்றில் இந்தக் கொக்கி விரிசல் கண்டு உடைந்துபோயிருந்தது. ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்தால் பயணிகள் சறுக்கி இறங்க ஒரு காற்றுப் பை விரியும். அந்தப் பையின் ஓரம் ஒரு கம்பியில் கோத்திருக்கும். பறப்பதற்கு முன்னால் பணிப்பெண்கள் அந்தக் கம்பியைத் தரைக் கொக்கிகளில் மாட்டுவார்கள். கொக்கி விட்டுவிட்டால் பை ஆளோடு சேர்ந்து கீழே போய்விடும். அதனால் இந்த ரக விமானங்கள் எல்லாவற்றிலும் மார்ச் முடிவதற்குள் கதவுகளைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், இல்லையென்றால் தரையை விட்டுக் கிளம்பக்கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. உத்தரவு போட்டவர்கள் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சோபியா விமான நிலையத்தின் ஓரத்திலிருந்த பராமரிப்புக் கொட்டகைக்குள் மூன்று விமானங்கள் மூக்கும் வாலும் இடிக்க நின்றன.

கம்பியைக் கொக்கியில் மாட்டி வைத்துப் பார்த்தால்தான் விரிசல் வாயைத் திறக்கும். ஆனால் மாட்டியிருக்கும்போது யாராவது கதவைத் திறந்தால் சிலிண்டர் சீறி, பை ஒரு நொடியில் வெளியே பாயும். அப்படி நடக்காமலிருக்க சிலிண்டரின் கழுத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கடையாணி செருக வேண்டும். அதோடு, கதவிலிருக்கும் சின்ன ஜன்னலின் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டையை இழுத்துவிட வேண்டும். வெளியே இருப்பவன் சிவப்பைப் பார்த்தால் கதவில் கை வைக்க மாட்டான். இதுதான் முறை. கொட்டகையில் சிவப்புப் பட்டைக்குப் பஞ்சமில்லை, அது ஒவ்வொரு கதவிலும் இருக்கும். கடையாணிதான் ஒரு விமானத்துக்குப் போதுமான அளவே இருந்தது.

"ஆர்டர் போட்டாச்சு, வந்துக்கிட்டு இருக்கு" என்று மேஸ்திரி மெத்தோதி இலையுதிர் காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அது எந்த ஊரிலிருந்து நடந்து வருகிறதோ தெரியவில்லை. அதுவரை ஆணிகள் ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்குக் கைமாறிக்கொண்டிருந்தன.

அன்று மார்ச் முதல் தேதி. காலையில் பனித்தூவல், கொஞ்ச நேரத்தில் வெயில், மறுபடி பனி. "மார்த்தாக் கிழவிக்கு இன்னிக்கு மூடு சரியில்ல" என்று டிராமில் எல்லாரும் வழக்கமான ஜோக்கைச் சொன்னார்கள். மார்ச் மாதம் அங்கே நொடிக்கொரு குணம் காட்டும் கிழவி. கொட்டகையில் எல்லாருடைய மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளி நூல் இருந்தது. மார்தெனிட்சா. முதல் நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை அதை அவிழ்க்கக்கூடாது, பார்த்ததும் மரக்கிளையில் கட்டிவிட வேண்டும். பாதிப் பேர் கையில் இருந்தவை நெவெனா முறுக்கியவை. குளிர்காலம் பூராவும் சீரியல் பார்த்துக்கொண்டே முறுக்குவாள். இந்த வருஷம் நூல் மிஞ்சிவிட்டது. நீளமாகக் குஞ்சம் வைத்து, காலையில் விமானக் கதவு ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும், ஜன்னலுக்கு மேலிருக்கும் பிடியில் ஒன்று கட்டிவிட்டாள்.

"விமானத்துக்குமா?" என்று லூபென் கேலி பண்ணினான்.

"ஏன், அதுக்குக் கண் படாதா? உன்னை விட அதுதான் நிறைய ஊர் சுத்துது."

"அது சரிக்கா. எனக்குக் கட்டினத விட அதுக்குப் பெருசா கட்டியிருக்கீங்களே, அதான் கேட்டேன்."

லூபென் அவளுடைய தங்கை க்ரெமெனாவின் புருஷன். துணி ஆலை மூடியபோது வேலையில்லாமல் நின்றான். நெவெனாதான் மெத்தோதியின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி இங்கே சேர்த்துவிட்டாள். கம்பெனியின் நேரடி ஆள் இல்லை, ஏஜென்சி மூலம். கதவு ரப்பர்களைத் துடைப்பது, மாற்றுவது, கீல்களுக்குக் கிரீஸ் வைப்பது. எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பான். அன்றைக்கும் பாக்கெட்டில் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாத் துண்டு இருந்தது.

முன் கதவுக்கு மட்டும் நூலை மெத்தோதியே வாங்கிக் கட்டினார். "குடு, இதுக்குப் பெருசா இருக்கட்டும். ஏர்லைன்காரன் வர்றான், வந்ததும் கண்ணுல படணும்." கட்டிவிட்டு, நெவெனாவைக் கதவுப் பக்கம் நிற்கவைத்துப் படமும் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அது கம்பெனியின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. எங்கள் கொட்டகைக்கு வசந்தம் வந்துவிட்டது என்று மேலே ஒரு வரி. நெவெனா போனில் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்கினாள்.

இப்போது கம்பியைக் கொக்கியில் மாட்டி, ஆணி செருகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, கண்ணாடியைச் சாய்த்தபோது மெத்தோதி உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது.

"ஆணியைக் குடும்மா. மூணாவது விமானத்துல ஏர்லைன்காரன் நிக்கிறான். ஆணி இல்லாம வேலை பாக்கிறீங்களான்னு கேக்கிறான்."

"அண்ணே, கம்பி மாட்டியிருக்கேன். பாதியில இருக்கு."

"ரெண்டு நிமிஷம். அவன் போனதும் எடுத்துட்டு வந்துடறேன்." பேசிக்கொண்டே குனிந்து அவரே ஆணியை உருவினார். "நீயும் வா. அங்க டார்ச் பிடிக்க ஆள் இல்ல."

"கம்பியைக் கழட்டிட்டு வர்றேனே."

"கழட்டினா திரும்ப முதல்லேருந்து மாட்டி அளக்கணும். அதுக்கு நேரமில்ல, நெவெனா. பட்டையை இழுத்துவிட்டுட்டு வா. யாரு தொடப் போறா?"

அவள் சிவப்புப் பட்டையை ஜன்னல் குறுக்கே இழுத்துவிட்டாள். குஞ்சம் பட்டையின் மேலேயே தொங்கியது. அதை ஒதுக்கிவிடலாமா என்று கை போனது. மெத்தோதி நடையில் நின்று "நெவெனா" என்றார். எழுந்து போய்விட்டாள்.

அவள் மூன்றாவது விமானத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் சத்தம் கேட்டது. பெரிய லாரி டயர் வெடித்தது மாதிரி ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து நீளமாக ஒரு சீறல். ரிவெட் அடிக்கிற சத்தம் எல்லாம் நின்றுபோனது. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. எந்தக் கதவு என்பதும் தெரிந்துவிட்டது. படிகளில் எப்படி இறங்கினாள் என்று பின்னால் யோசித்தபோது ஞாபகம் வரவில்லை.

முன் கதவிலிருந்து சாம்பல் நிறப் பை சிமெண்ட் தரைவரை விரிந்து, இன்னும் விம்மிக்கொண்டிருந்தது. கதவோரம் நின்ற படிமேடையில் ஆளில்லை. ஒரு மாடி உயரம். கீழே லூபென் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து விழுந்த பனிட்சா பக்கத்தில் நசுங்கிக் கிடந்தது.

"காலைக் காணோம்க்கா" என்றான். "காலு எங்க இருக்குன்னு தெரியல."

கால் இரண்டும் அங்கேதான் இருந்தன, பூட்ஸோடு.

*

அவசர மருத்துவமனையின் நடையில் க்ரெமெனா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். உட்கார நாற்காலி இருந்தது, உட்காரவில்லை. கையில் பருப்பு சூப் ஊற்றிய கண்ணாடி ஜாடி, துண்டில் சுற்றியது. அவன் சாப்பிடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

டாக்டர் சின்ன வயசு. தூக்கம் கெட்ட முகம். முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் நொறுங்கி நரம்பை அழுத்துகின்றன என்றார். தகடும் திருகும் வைத்து நிமிர்த்த வேண்டும். இந்த வாரத்துக்குள் வைத்தால் கால் திரும்பிவர வாய்ப்பு உண்டு, தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும். "தகடு, திருகெல்லாம் நீங்கதான் வாங்கித் தரணும். வேலை நேரத்து விபத்துன்னு கம்பெனி ஒத்துக்கிட்டா அவங்க காப்பீடு பாத்துக்கும். இல்லன்னா..." என்று நிறுத்தினார். நிறுத்தியதற்குப் பிறகு என்ன என்பதை இரண்டு பெண்களுக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. வீட்டில் விற்க ஒன்றும் இல்லை. வீடே வாடகைதான்.

டாக்டர் போனதும் க்ரெமெனா அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"பட்டை போட்டிருந்தியா?"

"போட்டிருந்தேன்."

"போடலன்னு சொல்லிடு."

"க்ரெமெனா..."

"நீ போட்டேன்னு சொன்னா, சிவப்பைப் பாத்தும் திறந்த முட்டாள்னு அவரைச் சொல்வாங்க. காப்பீடு குடுப்பானா? குடுக்க மாட்டான். மறந்துட்டேன்னு சொல்லு. உன்னை என்ன பண்ணிடுவாங்க, வேலையை விட்டுத் தூக்குவாங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் இல்லடி. ஒரு ஆள் முதுகு ஒடிஞ்சிருக்கு. போலீஸ் வரும்."

"வரட்டும்." க்ரெமெனா ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீதானே அவரை அங்க கூட்டிட்டுப் போன."

நடையின் கோடியில் யாரோ ஒரு கிழவர் தள்ளுகட்டிலில் கிடந்து தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

லூபெனைப் பார்க்க அவளை மறுநாள்தான் விட்டார்கள். அசையாமல் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் பட்டை. கூரையைத் தவிர எதையும் பார்க்க முடியாது. மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் அப்படியே இருந்தது.

"நாரை வந்துடுச்சாக்கா?"

"இன்னும் இல்ல. பனி பெய்யுது."

"வந்தா எனக்குத் தெரியாதே. இங்கேருந்து என்ன தெரியுது, விளக்குதான் தெரியுது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் சிவப்பைப் பாத்தேன்."

நெவெனா நாற்காலியை நகர்த்தி அவன் முகத்துக்குக் கிட்டே போனாள்.

"ஜன்னல்ல மங்கலா சிவப்பு தெரிஞ்சுது. வெள்ளையும் தெரிஞ்சுது. காலையிலேருந்து எல்லா ஜன்னல்லயும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். உங்க நூலுன்னு நினைச்சு, ரப்பர் துடைக்கக் கதவைத் திறந்துட்டேன். வேற ஒரு நாளா இருந்தா விரலால கூடத் தொட்டிருக்க மாட்டேன்க்கா."

குஞ்சத்தை ஒதுக்கப் போன கை இப்போது மடியில் கிடந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"நூலைப் பத்தி அங்க சொல்லாதீங்க" என்றான் லூபென். "உங்க தலையில கட்டிடுவாங்க. நீங்களும் போயிட்டா க்ரெமெனாவையும் எங்க பாப்பாவையும் யாரு பாத்துக்குவாங்க? நான் கவனிக்கலன்னே இருக்கட்டும்."

"வாயை மூடு" என்றாள் நெவெனா. அழுகை வந்துவிட்டது. அவனால் தலையைத் திருப்ப முடியாதது அந்த ஒரு நிமிஷத்துக்கு நல்லதாகப் போயிற்று.

*

விசாரணைக்கு முந்தின நாள் மெத்தோதி டிராம் நிறுத்தத்தில் காத்திருந்தார். தற்செயலாக வந்த மாதிரி நின்றார். ஆனால் அவர் வீடு ஊரின் மறுகோடியில். லூபென் எப்படி இருக்கிறான் என்று கேட்டார், பதிலைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"நாளைக்கு நீ நீளமா எதுவும் சொல்ல வேணாம். பட்டை போட்டேன், அவ்வளவுதான். போட்டதானே? அது உண்மைதானே?"

"ஆணியை நீங்க எடுத்தீங்க. அதுவும் உண்மைதானே அண்ணே?"

அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுகிற மாதிரி பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். "எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு, நெவெனா. ஆணி ஏன் பத்தலன்னு நான் மேல எத்தனை தடவை கேட்டிருப்பேன். கேட்டா என்னை ஏதோ பிச்சைக்காரன் மாதிரி பாப்பாங்க. இப்ப நான் எடுத்தேன்னு சொன்னா, ஆணி வாங்காதவனை விட்டுட்டு எடுத்தவனைத்தான் பிடிப்பாங்க."

"அப்ப லூபெனைப் பிடிச்சா பரவாயில்லையா?"

"அவன் ஏற்கெனவே படுத்துட்டானே" என்றார் மெத்தோதி. சொன்னதும் அவருக்கே அந்த வார்த்தை சுட்டிருக்க வேண்டும். டிராம் வந்தது. அது அவர் ஏற வேண்டிய டிராம் இல்லை, ஆனாலும் ஏறிக்கொண்டார்.

விசாரணை மாடியில், கம்பெனியின் கண்ணாடி அறையில் நடந்தது. பாதுகாப்பு அதிகாரி கொலெவ், சட்டப் பிரிவிலிருந்து ஒரு பெண், ஓரத்தில் மெத்தோதி. மேஜைமேல் தண்ணீர்ப் பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார்கள். கொலெவ் அதட்டவில்லை. உட்காருங்கள் என்றார், தண்ணீர் வேண்டுமா என்றார். மெத்தோதி சட்டையின் கைகளை விரல்வரை இழுத்துவிட்டிருந்தார். அதற்கடியில் நூல் இன்னும் இருக்கிறதா இல்லையா என்று நெவெனாவுக்குத் தெரியவில்லை.

"பட்டை போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன் சார்."

"நல்லது. அப்ப வெளியே இருந்து பாக்கிறவருக்குச் சிவப்பு தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சும் திறந்திருக்கார்." கொலெவ் பேனாவை வைத்தார். "அன்னிக்கு மார்ச் ஒண்ணு. பண்டிகை நாள். காலையில லேசா ஏதாவது போட்டுட்டு வந்தாரா? நம்ம ஆளுங்க போடுறதுதானே, நான் தப்பா கேக்கல. ஒரு கிளாஸ் ராக்கியா?"

லூபென் குடிப்பவன் இல்லை. நெவெனாவின் பெரிய மகளுக்கு நிச்சயம் பண்ணிய விருந்தில்கூடத் தயிர்த் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். மென்றுகொண்டே இருக்கிற அவன் வாயும், தரையில் நசுங்கிக் கிடந்த பனிட்சாவும் நெவெனாவின் கண்முன்னால் வந்தன. பேசாமலிருந்தால் அவன் குடிகாரன். பட்டை போடவில்லை என்றால் பொய். இரண்டையும் ஒதுக்கினால் மிஞ்சுவது ஒன்றுதான். அவள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் குடிக்கல சார். அவருக்குச் சிவப்பு தெரிஞ்சுது. அதை நூலுன்னு நினைச்சுட்டார். எல்லாக் கதவு ஜன்னல்லயும் நான்தான் மார்தெனிட்சா கட்டியிருந்தேன். பட்டைக்கு மேலேயே குஞ்சம் தொங்குச்சு. காலையிலேருந்து ஜன்னல் ஜன்னலா சிவப்பைப் பாத்துப் பாத்து அவருக்குப் பழகிப்போச்சு. அவர் மேல தப்பு இல்ல."

சட்டப் பிரிவுப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கொலெவ் முன்னால் சாய்ந்தார்.

"நீங்க கட்டினீங்க. யாரும் கட்டச் சொல்லல."

"சொல்லல. ஆனா முன் கதவுல கட்டினது மேஸ்திரி. படமும் எடுத்தாங்க, கம்பெனி பக்கத்துல கூடப் போட்டாங்க."

கொலெவ் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். கம்பெனியின் பக்கம் திறந்திருந்தது. பிப்ரவரிப் படம் ஒன்று, அதற்கு மேலே நேற்றுப் போட்ட படம் ஒன்று. நடுவில் எதுவும் இல்லை. "எங்கே?" என்றார், மிகவும் மரியாதையாக.

நெவெனா மெத்தோதியைப் பார்த்தாள். அவர் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி சார், படம் இல்லைன்னே வைங்க. ஆணி? ஆணி இருந்திருந்தா, பட்டையும் வேணாம், நூலும் வேணாம், கதவை நூறு தடவை திறந்தாலும் பை விரிஞ்சிருக்காது. ஆணியை என் கதவுலேருந்து எடுத்துட்டுப் போனாங்க. மூணு விமானத்துக்கு ஒரு விமானத்து ஆணிதான் இருக்கு. எத்தனை மாசமா கேட்டுக்கிட்டு இருக்கோம். அண்ணே, சொல்லுங்கண்ணே."

மெத்தோதி தொண்டையைச் செருமினார். "ஆணி வேணும்னு கேட்டேன். கம்பியைக் கழட்டிட்டுத் தரச் சொன்னேன்" என்றார். வார்த்தைகளை மென்று மென்று விழுங்கினார். "அவங்க கழட்டிட்டாங்கன்னு நினைச்சேன்."

"அண்ணே" என்றாள் நெவெனா.

"ஆணி விஷயத்தைத் தனியா பாக்கலாம்" என்றார் கொலெவ். "அது கொள்முதல் பிரிவு. இன்னிக்கு நாம பேசுறது விபத்தைப் பத்தி." பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார், உண்மையாகவே சந்தோஷப்பட்ட மாதிரி. "ரொம்ப நன்றிம்மா. நூல் விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்க சொல்லலன்னா எப்படித்தான் இது நடந்துச்சுன்னு மண்டையைப் பிச்சுக்கிட்டு இருந்திருப்போம்."

வெளியே வந்து படியில் இறங்கினாள். தான் உண்மையைச் சொன்னதாகத்தான் நினைத்திருந்தாள். அவர்களுக்கு வேண்டியதை எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறோம் என்பது மூன்றாவது படியில்தான் உறைத்தது.

*

முடிவைச் சொல்ல அவர்கள் ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளவில்லை. பணியாளர் ஒருவர் அனுமதியில்லாத அலங்காரப் பொருளை விமானத்தில் கட்டியதாலும், ஏஜென்சி ஆள் எச்சரிக்கைப் பட்டையைச் சரியாகக் கவனிக்காததாலும் விபத்து. கம்பெனியின் வேலைமுறையில் குறை எதுவும் இல்லை. லூபென் ஏஜென்சி ஆள், ஆகவே ஏஜென்சியைக் கேளுங்கள். ஏஜென்சியில் கேட்டால் விபத்து நடந்த இடம் கம்பெனியுடையது, கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். க்ரெமெனா இரண்டு இடத்துக்கும் நடையாய் நடந்தாள். நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். போகலாம்தான், நீதிமன்றம் ஓடிப்போய்விடாது. முதுகெலும்புதான் காத்திருக்காது.

டாக்டர் சொன்ன வாரம் முடிந்தது. அடுத்த வாரமும் முடிந்தது. மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரரின் பிள்ளைகள், லூபெனின் தெரு ஆட்கள், கொட்டகையில் வேலை பார்க்கிறவர்கள் என்று எல்லாரிடமும் தொப்பியைச் சுற்றிவிட்டுக் காசு சேர்த்து ஒரு வழியாகத் தகடு வாங்கினார்கள். அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, உட்கார முடியும் என்றார். நிற்பதைப் பற்றிக் க்ரெமெனா கேட்டாள். அவர் மறுபடியும், உட்கார முடியும் என்றார்.

அன்று சாயங்காலம் க்ரெமெனா அக்காவிடம் பேசினாள். விசாரணைக்குப் பிறகு பேசியது அதுதான் முதல் தடவை.

"உண்மையைச் சொன்னியாமே."

"ஆமா."

"யாருகிட்ட சொன்ன?" என்றாள் க்ரெமெனா. கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரிக் கேட்டாள். "உண்மையைச் சொல்றதுக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும்ல. நீ யாருகிட்ட சொன்ன?"

நெவெனா ஜாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியவற்றையே திரும்பக் கழுவினாள்.

வேலைச் சீட்டையும் உடுப்பையும் ஒப்படைத்துவிட்டுக் கணக்கை முடிக்க மாதக் கடைசியில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். உடுப்பைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பையில் வைத்து எடுத்துப் போனாள். ஏன் இஸ்திரி போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வித்தோஷா மலையில் பனி பாதி உருகியிருந்தது. விமான நிலையச் சாலையில் பிளம் மரங்கள் இன்னும் பூக்கவில்லை. மொட்டுகள் மட்டும் தடித்திருந்தன.

நுழைவாயிலில் வேலைக்கு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். வழக்கமாக இங்கே வரிசை இருக்காது, அட்டையைத் தேய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது. காவலாளியின் மேஜையில் ஒரு கத்தரிக்கோலும் ஒரு அட்டைப் பெட்டியும் இருந்தன. சுவரில் புதிதாக ஒட்டிய தாள்: கொட்டகைக்குள் சிவப்பு நிற நூல், கயிறு, அலங்காரம் எதுவும் கூடாது. கீழே கொலெவின் கையெழுத்து.

"கையை நீட்டு" என்றார் காவலாளி, முன்னால் நின்ற பெயிண்ட்காரனிடம்.

"நாரையே இன்னும் வரலியேண்ணே. வர்றதுக்கு முன்னால வெட்டக்கூடாதே."

"எனக்கு மட்டும் ஆசையா? நான் என் கையில இருந்ததையே வெட்டிட்டேன், பாரு. பாதுகாப்பு விதிங்கிறாங்க. நீட்டுப்பா, பின்னால ஆள் நிக்குது."

கத்தரிக்கோல் கிளிக்கென்றது. பெயிண்ட்காரன் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனான். பெட்டி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அதில் நெவெனா முறுக்கியவை எவை என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. முடிச்சை அவள் எப்போதும் இரட்டையாகப் போடுவாள்.

அவள் முறை வந்தது. காவலாளி அவளைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "நீ உள்ள வேலைக்குப் போகலியே. ஆபீஸுக்குத்தானே. உனக்கு வேணாம், விடு."

"இல்லண்ணே, வெட்டுங்க" என்றாள் நெவெனா. "எல்லாருக்கும் வெட்டுறீங்கள்ல."

கையை மேஜைமேல் வைத்தாள். கத்தரிக்கோலின் இரும்பு தோலில் சில்லென்று பட்டது.

புதிதாக ஒரு விமானத்தை உள்ளே இழுப்பதற்காகக் கொட்டகையின் பெரிய கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். மாதம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது, சோதிக்காமல் மிஞ்சியவை அவசரமாக வந்துகொண்டிருந்தன. முதல் விமானத்தின் படிமேடையிலிருந்து மெத்தோதி இறங்கினார். உள்ளே வேலை நடக்கிற முன் கதவு சாத்தியிருந்தது, ஜன்னலின் குறுக்கே சிவப்புப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. இப்போது அதை மறைக்க ஒரு நூலும் இல்லை. அவர் யாரையும் பார்க்காமல் அடுத்த விமானத்தை நோக்கி வேகமாக நடந்தார். வலது கையை மூடியிருந்தார். மூடிய விரல்களுக்கு வெளியே ஆணியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்தது" என்றார் காவலாளி. நெவெனாவின் பின்னால் நின்றவன் சட்டையின் கையை மேலே தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான்.